இரண்டாவது பல்பு ஏன் மங்கவில்லை?

பி.காம் படிக்கிறவள் இயற்பியல் பாடத்தைப் பற்றி எழுதுவதா என்று என் வகுப்புத் தோழிகள் சிரிப்பது இங்கே வரை கேட்கிறது. சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். :-)

விஷயம் இதுதான். அரையாண்டுத் தேர்வு நேரத்தில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி மகள் பத்தாம் வகுப்பு. மின்னோட்டவியல் பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஓம் விதியை மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னாள்.

"எனக்கு ஃபிசிக்ஸ் வராதுக்கா. ப்ளஸ் ஒன்ல உன்ன மாதிரி காமர்ஸ் எடுத்துக்கறேன்."

எனக்குச் சுருக்கென்றது. காமர்ஸை அவள் குறைத்துப் பேசியதாக நினைத்து அல்ல. பத்தாம் வகுப்பு முடித்தபோது நானும் இதே வாக்கியத்தைத்தான் வீட்டில் சொன்னேன். காமர்ஸ் எனக்குப் பிடித்துப்போனது பிறகு நடந்த நல்ல விபத்து. நான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை, இயற்பியலிடமிருந்து தப்பி ஓடி வந்து அதில் ஒளிந்துகொண்டேன்.

எங்கள் பள்ளி ஆய்வகத்தில் (பெயர் வேண்டாமே) நாலு பேருக்கு ஒரு மேஜை. அந்த நாலு பேரில் ஒருவன் கம்பியைத் தொடுவான். மற்ற மூன்று பேர் நோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அம்மீட்டர் முள் நகர்ந்தால் எழுதுவோம். நகராவிட்டால் சீனியர் அக்காக்களின் ரெக்கார்டு நோட்டு இருக்கவே இருக்கிறது. அறிவியலில் எனக்கு நல்ல மதிப்பெண்தான். ஆனால் "பல்பை மாட்டினால் உள்ளே என்ன நடக்கிறது?" என்று யாராவது கேட்டிருந்தால் திருதிருவென்று முழித்திருப்பேன். நல்ல வேளை, யாரும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கையோடு நடந்ததைச் சொல்லிவிட்டு, அதிலிருந்து எனக்குத் தோன்றிய ஒரு கருத்தைச் சொல்கிறேன். இயற்பியல் தெரிந்தவர்கள் எங்கேயாவது தப்பு இருந்தால் தயங்காமல் திருத்துங்கள்.

ஃபெட் என்று ஒன்று

ஃபெட் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் 2002ல் தொடங்கிய திட்டம் அது. தொடங்கியவர் கார்ல் வீமன். 2001ல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர். நோபல் வாங்கிய கையோடு "மாணவர்களுக்கு இயற்பியல் ஏன் புரிய மாட்டேன் என்கிறது?" என்ற கேள்விக்குள் இறங்கிவிட்டார். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

ஃபெட் தளத்தில் கணினித் திரையிலேயே நாமே இழுத்து, மாற்றி, கெடுத்துப் பார்க்கிற மாதிரியான சிமுலேஷன்கள் நிறைய இருக்கின்றன. பணம் கட்டத் தேவையில்லை. சாதாரண பிரவுசரே போதும். பலவற்றை ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். தன்னார்வலர்கள் பல மொழிகளில் பெயர்த்திருக்கிறார்கள். அதில் தமிழும் உண்டு.

அதில் ஒன்று மின்சுற்று கட்டும் சிமுலேஷன். பேட்டரி, ஒயர், பல்பு, சுவிட்ச் எல்லாம் ஓரத்தில் இருக்கும். எடுத்து நடுவில் போட்டு நாமே இணைக்க வேண்டும். ஒயருக்குள் எலெக்ட்ரான்கள் நீலப் புள்ளிகளாக நகர்வது தெரியும். மின்னோட்டம் அதிகமானால் வேகமாக நகரும். பேட்டரியின் இரண்டு முனையையும் ஒரே ஒயரால் இணைத்துவிட்டால் தீப்பிடிப்பது போலக் காட்டும். (நான் முதலில் செய்தது அதைத்தான். நீங்களும் அதைத்தான் செய்வீர்கள்.)

நான் செய்த தப்பு

தங்கைக்குச் சொல்லித்தர இதைத் திறந்தேன். லேப்டாப்பை என் மடியில் வைத்துக்கொண்டேன். "இங்க பாரு, இதுதான் பேட்டரி, இதுதான் பல்பு. ரெண்டு பல்பைத் தொடரா இணைக்கறேன் பாத்தியா? ரெண்டும் சமமா எரியுது பாத்தியா? இப்ப பக்க இணைப்பு. பாத்தியா?" பத்து நிமிடத்தில் முழுப் பாடத்தையும் முடித்துவிட்டேன். அவளும் ஒவ்வொரு "பாத்தியா"வுக்கும் "ம்" என்றாள். எனக்கு ஒரே பெருமை.

சாப்பிட்டுவிட்டு வந்து சும்மா கேட்டேன்: "ரெண்டு பல்பைத் தொடரா மாட்டினா எது அதிகமா எரியும்?"

யோசிக்கவே இல்லை. "முதல் பல்புதான்க்கா. கரண்டு முதல்ல அதுக்குத்தான வருது. அது கொஞ்சம் எடுத்துக்கிட்டு மிச்சத்தத்தான ரெண்டாவதுக்கு அனுப்பும்?"

ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் இரண்டும் சமமாக எரிவதைக் கண்ணால் பார்த்தாள்! அதற்கு "ம்" கூடச் சொன்னாள்!

கோபம் வந்தது. பிறகு யோசித்தபோது சிரிப்பு வந்தது. நான் செய்தது என் பழைய ஆய்வகத்தில் நடந்ததையேதான். நாலு பேரில் கம்பியைத் தொடுகிற அந்த ஒருவன் இப்போது நான். நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். திரை புதுசு, பாடம் நடத்திய விதம் பழசு.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அவள் சொன்ன பதில் முட்டாள்தனமானது அல்ல. தண்ணீர்க் குழாயில் முதல் வீட்டுக்காரர் பிடித்தது போக மிச்சம்தான் கடைசி வீட்டுக்கு வரும் என்று தினமும் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு வேறு என்ன தோன்றும்? அந்த எண்ணம் அவளுக்குள் உறுதியாக உட்கார்ந்திருக்கிறது. அதை வெளியே எடுக்காமல் அதன் மேலேயே நான் புதுப் பாடத்தை ஊற்றினேன். அது வழிந்து ஓடிவிட்டது.

இரண்டாவது முறை

இந்த முறை லேப்டாப்பை அவள் மடியில் வைத்தேன். ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்தேன். ஒரே ஒரு விதி: மாட்டுவதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று எழுத வேண்டும். எழுதாமல் மாட்டக் கூடாது.

எழுதினாள்: "முதல் பல்பு பிரகாசம். ரெண்டாவது மங்கல்." மாட்டினாள். இரண்டும் சமம்.

திரையையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது தப்பாக் காட்டுதுக்கா" என்றாள். என்ன ஒரு அருமையான வாக்கியம்! காலையில் "ம்" என்று சொன்னவள் இப்போது கணினியோடு சண்டைக்கு நிற்கிறாள்.

நான் பதில் சொல்லவில்லை. அவளே பல்புகளை இடம் மாற்றினாள். சமம். பேட்டரியைத் திருப்பிப் போட்டாள். சமம். அம்மீட்டரை எடுத்து முதல் பல்புக்கு முன்னால் வைத்தாள், 0.45 ஆம்பியர். இரண்டு பல்புக்கும் நடுவில் வைத்தாள், 0.45. கடைசியில் வைத்தாள், அதே 0.45. பேட்டரி 9 வோல்ட், பல்பு ஒவ்வொன்றும் 10 ஓம் என்பதால் அந்தக் கணக்கு. ஒரு பல்பை எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்தபோது 0.9. "அப்ப ரெண்டாவது பல்பு வந்தா மொத்தமா எல்லா இடத்துலயும் குறையுதா? ரெண்டாவது பல்பு இருக்கறது முதல் பல்புக்கு எப்படித் தெரியும்?"

நண்பர்களே, இந்தக் கடைசிக் கேள்வியை இன்னொரு முறை படியுங்கள். பத்தாம் வகுப்பில் நான் ஒரு முறைகூட இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

சுவிட்சைப் போட்டு, நீலப் புள்ளிகளை உற்றுப் பார்க்கச் சொன்னேன். பேட்டரியிலிருந்து புள்ளிகள் கிளம்பி வரிசையாகப் பல்புக்குப் போய்ச் சேருவதில்லை. ஒயர் முழுக்க ஏற்கெனவே இருக்கும் புள்ளிகள் எல்லாம் ஒன்றாக நகரத் தொடங்குகின்றன. சைக்கிள் செயின் மாதிரி. ஒரு கண்ணி நகர்ந்தால் எல்லாக் கண்ணியும் நகர வேண்டும், ஒரு இடத்தில் இறுக்கினால் மொத்த செயினும் மெதுவாகும். செயின் தேய்ந்து குறைவதில்லை, ஆனால் வேலை நடக்கிறது. "அப்ப பல்பு எடுத்துக்கறது கரண்டை இல்ல, சக்தியத்தான்" என்று அவளே சொன்னாள். அரை மணி நேரம் ஆனது. நான் பேசியது மொத்தம் ஐந்து வாக்கியம் இருக்கும்.

இது என் தங்கையின் கதை மட்டுமா?

வீட்டுக்கு வந்ததும் இதைப் பற்றித் தேடினேன். 2004ல் அமெரிக்காவின் ஹார்வர்டில் எரிக் மஸூர் குழுவினர் ஒரு ஆய்வை வெளியிட்டிருக்கிறார்கள். வகுப்பில் ஆசிரியர் செய்து காட்டும் சோதனைகளால் மாணவர்களுக்கு என்ன லாபம் என்பதுதான் கேள்வி. சோதனையைச் சும்மா பார்த்தவர்கள், சோதனையே பார்க்காதவர்களைவிடக் கிட்டத்தட்ட ஒன்றும் அதிகமாகப் புரிந்துகொள்ளவில்லை! என்ன நடக்கும் என்று முன்கூட்டியே கணித்துவிட்டுப் பார்த்தவர்களுக்கு நன்றாகவே புரிந்தது. கணித்து, பார்த்து, நண்பர்களோடு விவாதித்தவர்களுக்கு இன்னும் நன்றாக. கணிக்கச் சொல்வதற்குக் கூடுதலாக ஆனது இரண்டொரு நிமிடம்தான்.

இன்னொரு ஆய்வு 2005ல், கொலராடோவில் நோவா ஃபிங்கெல்ஸ்டீன் குழுவினர் செய்தது. கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவுக்கு உண்மையான பல்பு, ஒயர், மீட்டர். இன்னொரு பிரிவுக்கு அதே ஃபெட் மின்சுற்று சிமுலேஷன். பிறகு இரண்டு பிரிவையும் உண்மையான பொருட்களால் ஒரு சுற்றைக் கட்டி விளக்கச் சொன்னார்கள். நிஜ ஒயரையே தொட்டுப் பழகியவர்கள்தான் ஜெயிப்பார்கள் என்று நினைப்போம் இல்லையா? சிமுலேஷனில் பழகியவர்கள்தான் நன்றாக விளக்கினார்கள், தேர்விலும் மின்சுற்றுக் கேள்விகளுக்கு நன்றாக எழுதினார்கள்.

எனக்கு இதில் மாயம் எதுவும் தெரியவில்லை. நிஜ ஆய்வகத்தில் பல்பு எரியவில்லை என்றால் நூறு காரணம் இருக்கும். ஒயர் தளர்ந்திருக்கலாம், பேட்டரி தீர்ந்திருக்கலாம், பல்பே ஃபியூஸ் போயிருக்கலாம். தப்பு என் எண்ணத்திலா, ஒயரிலா என்று ஒரு புதியவருக்குத் தெரியவே தெரியாது. சிமுலேஷனில் ஒயர் தளராது. தப்பு என்றால் அது என் எண்ணத்தில்தான்.

காமர்ஸ் மாணவர்களுக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். இருப்புச் சோதனை! அதாவது நம் ட்ரயல் பேலன்ஸ். ஒரு பக்கம் மட்டும் தொகையை மாற்றி எழுதிவிட்டால் கடைசியில் இரண்டு பக்கமும் டேலி ஆகாது. யாரும் வந்து திட்ட வேண்டாம், கணக்கே சொல்லிவிடும். நாமே தேடி, நாமே கண்டுபிடித்துத் திருத்துவோம். அந்தத் தேடலில்தான் கணக்குப் பதிவியலே நமக்குப் புரிந்தது. பத்தாம் வகுப்பு இயற்பியலில் எனக்கு இருப்புச் சோதனை இல்லை. என் எண்ணம் தப்பு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. தப்பான எண்ணத்தோடு சரியான பதிலை மனப்பாடமாக எழுதி மார்க்கும் வாங்கிவிட்டேன். சிமுலேஷன் செய்வது அந்த இருப்புச் சோதனை வேலையைத்தான்.

விளையாட்டும் இதே கதைதான்

என் வகுப்புத் தோழன் ஒருவன் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற கணினி விளையாட்டில் பைத்தியம். மெக்சிகோவில் உருவானது. முதல் பொது வடிவம் 2011ல், முழு வடிவம் 2015ல் வந்தது. பச்சை நிறக் குட்டி மனிதர்களை ராக்கெட் கட்டி விண்வெளிக்கு அனுப்ப வேண்டும். நான் கட்டிய முதல் நாலு ராக்கெட்டும் ஏவுதளத்திலேயே வெடித்தன. ஒரு வாரம் கழித்துத்தான் ஒரு கலத்தைக் கோளைச் சுற்றிவர வைத்தேன்.

பிறகுதான் தொல்லை. முன்னால் போகும் இன்னொரு கலத்தோடு என் கலத்தைச் சேர்க்க வேண்டும். சாலையில் முன்னால் போகிற வண்டியைப் பிடிக்க என்ன செய்வோம்? ஆக்ஸிலரேட்டரை முறுக்குவோம். நானும் முறுக்கினேன். அது என்னைவிட்டு இன்னும் விலகிப் போனது! மேலும் முறுக்கினேன். எரிபொருள் தீர்ந்தது.

இதே தப்பை நிஜ விண்வெளி வீரர் ஒருவரே செய்திருக்கிறார் என்று தெரிந்தபோது எனக்கு வந்த ஆறுதல் இருக்கிறதே! 1965 ஜூனில் நாசாவின் ஜெமினி 4 பயணம். தங்களை மேலே கொண்டுவந்து விட்ட டைட்டன் ராக்கெட்டின் மேல் அடுக்கை நெருங்கிப் பார்க்க வேண்டும் என்பது திட்டங்களில் ஒன்று. கமாண்டர் ஜேம்ஸ் மெக்டிவிட் அதை நோக்கிக் கலத்தைச் செலுத்தினார். நெருங்கவில்லை. எரிபொருள் கரைந்ததால் முயற்சியைக் கைவிட்டார்கள்.

காரணம் இதுதான். சுற்றுப்பாதையில் முன்னோக்கி உந்தினால் பாதை உயர்ந்துவிடும். உயர்ந்த பாதையில் ஒரு சுற்றுக்கு அதிக நேரம் ஆகும். அதனால் பின்தங்குவோம். முன்னால் இருப்பதைப் பிடிக்க முதலில் வேகத்தைக் குறைத்துத் தாழ்வான பாதைக்கு இறங்க வேண்டும். அங்கே சுற்று சீக்கிரம் முடியும். சரியான நேரத்தில் மறுபடி மேலே ஏறினால் சந்திக்கலாம். அதே 1965 டிசம்பரில் ஜெமினி 6ஏ, ஜெமினி 7 என்ற இரண்டு கலங்களும் சரியான கணக்கோடு போய் விண்வெளியில் சந்தித்தன.

"வேகத்தைக் குறைத்தால் முந்தலாம்" என்று ஒரு புத்தகத்தில் படித்திருந்தால் நான் அடிக்கோடு போட்டுவிட்டு மறந்திருப்பேன். மூன்று முறை எரிபொருளைத் தீர்த்தவள் மறப்பாளா?

ஆனால் பொய்யும் சொல்லும்

இத்தனையும் சொல்லிவிட்டு மறுபக்கத்தைச் சொல்லாவிட்டால் விளம்பரம் எழுதியதாகிவிடும்.

எல்லா விளையாட்டும் இயற்பியல் கற்றுத்தராது. சூப்பர் மாரியோ குதித்த பிறகு காற்றில் நடுவழியிலேயே திசை மாற்றுவார். நாம் யாரும் அப்படிச் செய்ய முடியாது. விண்வெளிச் சண்டை விளையாட்டுகளில் குண்டு வெடிக்கும் சத்தம் காதைப் பிளக்கும். சத்தம் பயணிக்க அங்கே காற்றே இல்லை. இவை விளையாட்டுக்காகச் செய்த ஏற்பாடுகள், குற்றமில்லை. ஆனால் ஆயிரம் மணி நேரம் மாரியோ ஆடினால் நியூட்டன் விதி தானாக வந்துவிடாது.

நல்ல சிமுலேஷன்களும் சுருக்கித்தான் சொல்கின்றன. ஃபெட்டில் நீலப் புள்ளிகள் கண்ணுக்குத் தெரிகிற வேகத்தில் ஓடுகின்றன. வீட்டு ஒயரில் எலெக்ட்ரான்கள் நத்தையைவிட மெதுவாகத்தான் நகர்கின்றன. அங்கே பல்பின் மின்தடை சாதாரணமாக 10 ஓம் என்று நிலையாக இருக்கிறது. நிஜத்தில் பல்பின் இழை சூடாகச் சூடாக மின்தடை பல மடங்கு ஏறும். கெர்பலில் உள்ள கோள் நம் பூமியைவிட மிகச் சிறியது, ஆரம் 600 கிலோமீட்டர்தான். அதனால் அங்கே சுற்றுப்பாதைக்குப் போவது நிஜத்தைவிட எளிது.

வரைபடத்தில் ஊர் ஒரு புள்ளிதான். ஊர் அப்படி இல்லை என்று தெரிந்தவருக்கு வரைபடம் பயன்படும். அதனால் சிமுலேஷனோடு நிறுத்திவிடலாம், ஆய்வகத்தை மூடிவிட்டுக் கணினி வாங்கிப் போடலாம் என்று யாராவது சொன்னால் நான் எதிர்க்கட்சி.

நம் வகுப்பறையில்

தமிழ்நாட்டில் 2018ல் தொடங்கி வந்த புதிய பாடத்திட்டப் புத்தகங்களில் க்யூஆர் கோடு இருக்கிறது. பல இயற்பியல் பாடங்களின் முடிவில் "இணையச் செயல்பாடு" என்ற பகுதி இருக்கிறது. சிலவற்றில் ஃபெட் சிமுலேஷனின் முகவரியே கொடுத்திருக்கிறார்கள். புத்தகம் எழுதியவர்களுக்கு ஒரு சபாஷ்.

என் தங்கையிடம் கேட்டேன், "இத கிளாஸ்ல செய்வீங்களா?" "அந்தப் பக்கம் எக்ஸாம்ல வராதுக்கா" என்றாள். சில சமயம் ஸ்மார்ட் போர்டில் ஆசிரியர் ஓட்டிக் காட்டுவாராம். நாற்பது பேர் பார்ப்பார்களாம். அதாவது, காலையில் நான் அவளுக்குச் செய்தேனே, அதே "பாத்தியா".

ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பாடத்தை முடிக்க வேண்டும், தேர்ச்சி விகிதம் காட்ட வேண்டும், நாற்பது பேருக்கு நாற்பது கணினி கிடையாது. ஆனால் நான் கேட்பது நாற்பது கணினி இல்லை. ஒரே திரைதான் இருக்கிறது என்றாலும் இரண்டு நிமிடம் நிறுத்தி, "முதல் பல்பு அதிகமா எரியும்னு நினைக்கறவங்க கை தூக்குங்க" என்று கேட்கலாமே. கை தூக்கியவர்களில் ஒருவரை மவுஸைப் பிடிக்கச் சொல்லலாமே. கை தூக்கியவன் தோற்றால் சிரிக்காமல், "ஏன் அப்படி நினைச்சே?" என்று கேட்கலாமே. இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. தப்பு விடுவது அவமானம் இல்லை என்கிற ஒரு வகுப்பறை தேவை. நம் ஊரில் அதுதான் விலை அதிகமான சரக்கு என்பது வேறு விஷயம்.

"சிமுலேஷன் வாங்கிவிட்டோம், கல்வி முன்னேறிவிட்டது" என்று நினைப்பவர்களுக்கு ஒரு காமர்ஸ் எச்சரிக்கை: தேய்மானம். ஃபிளாஷில் செய்த பாடங்கள் எத்தனை பள்ளிகளில் சிடியாகக் கிடந்தன! 2020 டிசம்பர் 31உடன் ஃபிளாஷுக்கான ஆதரவே நின்றுபோனது. ஃபெட் குழுவினரே தங்கள் பழைய ஜாவா, ஃபிளாஷ் சிமுலேஷன்களை ஹெச்டிஎம்எல்5க்கு மாற்றி எழுத வேண்டி வந்தது. மென்பொருள் தேயும். "முதலில் கணி, பிறகு பார், பிறகு ஏன் என்று கேள்" என்ற பழக்கம் தேயாது. செலவு செய்வதாக இருந்தால் ஆசிரியர்களுக்கு அந்தப் பழக்கத்தில் பயிற்சி கொடுக்கச் செலவு செய்யுங்கள்.

கடைசியாக, நிஜ பல்பு

அன்று சாயங்காலம் தங்கை ஒரு கேள்வி கேட்டாள். "கம்ப்யூட்டர்ல சரிக்கா. நிஜத்துல?"

கடைத்தெருவுக்குப் போனோம். மூன்றாவது எலக்ட்ரிக்கல் கடையில்தான் பழைய டார்ச் பல்பு கிடைத்தது. "இதெல்லாம் இப்ப யாரும்மா வாங்கறா, எல்லாம் எல்இடி ஆயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே கடைக்காரர் மேல் பரணிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார். இரண்டு பல்பு, இரண்டு பேட்டரி செல், கொஞ்சம் ஒயர், இன்சுலேஷன் டேப். (வீட்டு பிளக்கில் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம். டார்ச் செல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.)

அவள் நோட்டில் எழுதினாள்: "ரெண்டும் சமம்." ஒயரைச் சுற்றி, டேப் ஒட்டி, மாட்டினாள்.

முதல் பல்பு பளிச்சென்று எரிந்தது. இரண்டாவது மங்கலாக மினுக்கியது.

எனக்கு அடிவயிறு கலங்கியது. ஒரு நாள் முழுக்கக் கட்டியது சரிந்துவிட்டதே! "அதான் அப்பவே சொன்னேன்" என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு டேப்பைப் பிரித்து இரண்டு பல்பையும் இடம் மாற்றி மாட்டினாள், காலையில் திரையில் செய்த மாதிரியே. அதே பல்புதான் பளிச்சென்று எரிந்தது. இப்போது அது இரண்டாவது இடத்தில் இருந்தது.

"எடத்தால இல்லக்கா. இந்த ரெண்டு பல்பும் ஒரே மாதிரி இல்ல."

கண்ணுக்கு நெருக்கமாக வைத்துப் பார்த்தோம். அடியில் பொறித்திருந்த எண்கள் வேறு வேறு. கடைக்காரர் கைக்கு வந்த இரண்டைக் கொடுத்திருக்கிறார். தொடரிணைப்பில் இரண்டிலும் ஒரே மின்னோட்டம்தான், மின்தடை அதிகமாக உள்ள பல்பு அதிகமாக எரியும். இதைப் பிறகு அவள் புத்தகத்திலேயே தேடிப் படித்தோம். ஆனால் இடம் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று புத்தகமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

நான் சொல்ல வந்ததே இவ்வளவுதான். இரண்டு பல்பும் சமமாக எரியும் என்ற பதிலை மனப்பாடம் செய்ய சிமுலேஷன் வேண்டாம், கோனார் உரையே போதும். நூறு தடவை பயமில்லாமல் தப்பு செய்து பார்த்த பிறகு, நிஜத்தில் ஒன்று எதிர்பாராமல் நடக்கும்போது, அழாமல், விழிக்காமல், "இடம் மாற்றிப் பார்ப்போமே" என்று கை தானாகப் போகிறதே, அதற்குத்தான் சிமுலேஷன். அதற்குத்தான் விளையாட்டு.

தங்கை ப்ளஸ் ஒன்னில் எந்தக் குரூப் எடுப்பாள் என்று தெரியாது. நான் கேட்கவும் இல்லை. காமர்ஸ் எடுத்தால் சந்தோஷமாக வரவேற்பேன், என் பழைய நோட்டுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் பிடித்து வரட்டும். என்னைப் போல ஓடி வர வேண்டாம்.

டிஸ்கி: அந்த இரண்டு பல்பும் இப்போது என் மேஜையில் இருக்கின்றன. கேட்காமல் எடுத்து வந்துவிட்டேன். சித்தி இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியம்தான். :-)